மாடியில் மல்லி, மடியில் சரம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மாசி பாதி தாண்டியதும் பூக்கடைகளில் குண்டுமல்லி வரத்து கூடத் தொடங்கும். மார்கழி, தைப் பனியில் கிலோ ஆயிரக்கணக்கில் விற்ற பூ, பங்குனிக்குள் நூறுகளுக்கு இறங்கிவிடும். முகூர்த்த நாள் வந்தால் மட்டும் ஒரு துள்ளு துள்ளும். மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரையிலான இந்த நாட்கள்தான் வீட்டில் மல்லி வைக்கவும் பூக்கட்டப் பழகவும் தோதானவை. செடியைப் பூவோடு பார்த்து வாங்கலாம். கட்டிப் பழகும்போது நசுங்கிப் போகிற பூவை நினைத்து வயிறு எரியாத விலையில் உதிரிப்பூவும் கிடைக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடி பூக்கட்டும், பிறகு கட்டிப் பழகலாம் என்று காத்திருக்காதீர்கள். புதுச்செடி முதல் வேனிலில் ஒரு நாளைக்கு ஐந்தாறு மொட்டு கொடுத்தாலே பெரிது. சரம் கட்ட அது போதாது. செடி வேர் பிடிக்கிற மாதங்களில் கடைப்பூவை வைத்து விரலைப் பழக்கிக்கொள்ளுங்கள். அடுத்த பங்குனியில் செடியும் தயார், கையும் தயார்.

எந்தச் செடி?

மல்லி, முல்லை, பிச்சி, காக்கரட்டான் என்று கேட்டால் நர்சரிக்காரர் நாலையும் காட்டுவார். முல்லையும் பிச்சியும் படர்கிறவை. பந்தலோ கம்பியோ வேண்டும். காக்கரட்டானுக்கு வாசமில்லை. தொட்டியில் அடங்கி, வெயிலைத் தாங்கி, வெட்ட வெட்டத் துளிர்ப்பது குண்டுமல்லிதான். அடுக்குமல்லி பார்க்க அழகு, ஆனால் சரத்தில் கட்ட ஒற்றை அடுக்குப் பூவே லகுவானது. ஆகவே செடியில் ஒரு பூவாவது விரிந்திருக்கிறதா என்று பார்த்து, இதழ் எத்தனை அடுக்கு என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

‘மதுரை மல்லி’ என்ற அட்டை எல்லா நர்சரியிலும் தொங்கும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் விளைகிற பூ. அந்த மண்ணும் வெயிலும் சேர்ந்துதான் அதன் தடித்த இதழும் வாசமும். சென்னை மாடியில் அதே வாசம் வரும் என்று யாராவது சத்தியம் செய்தால் சிரித்துக்கொண்டே செடியை மட்டும் வாங்கிவாருங்கள். மதுரைத் தோட்டங்களுக்கே நாற்று பெரும்பாலும் ராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்துதான் போகிறது. அங்கே பதியம் போட்டு வளர்த்த நாற்று உங்கள் ஊர் நர்சரியில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

அடியிலிருந்து மூன்று நான்கு கிளை பிரிந்த குட்டைச் செடி நல்லது. ஒரே குச்சியாக நெடுநெடுவென்று வளர்ந்தது வேண்டாம். கவரைக் கிழித்துக்கொண்டு வேர் வெளியே வந்திருந்தால் அது பல மாதமாக அங்கேயே கிடக்கிற செடி.

தொட்டியும் மண்ணும்

பதினைந்து அங்குல அகலமும் அதே ஆழமும் உள்ள தொட்டி அல்லது குரோ பேக் போதும். மண்தொட்டி என்றால் வேருக்குக் குளிர்ச்சி. கனம் என்பது அதன் குறை. அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பல தொட்டிகளில் ஓட்டைக்கான வட்டம் மட்டும் இருக்கும், நாம்தான் குத்தித் திறக்க வேண்டும். சித்திரையில் மாடித் தளம் கொதிக்கும். தொட்டியை நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. இதோடு இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. தென்னைநார்க் கழிவு சேர்த்தால் தொட்டி லேசாகும், ஈரமும் நிற்கும். ஆனால் கொஞ்சமாகச் சேருங்கள். மல்லிக்குக் காலடியில் தண்ணீர் நிற்பது ஆகாது. செடியை மாலை நேரத்தில் நடுங்கள். கவரை உருவாமல் பிளேடால் கிழித்து, மண்ணுருண்டை உடையாமல் இறக்கி, சுற்றிலும் மண் போட்டு அழுத்தித் தண்ணீர் விடுங்கள். நாலைந்து நாள் நிழல், பிறகு வெயில்.

வெயில் என்றால் முழு வெயில். குறைந்தது ஐந்தாறு மணி நேரம் நேரடியாகப் பட வேண்டும். பால்கனியில் காலை வெயில் மட்டும் ஒரு மணி நேரம் வருகிறது என்றால் செடி பச்சைப்பசேல் என்று வளரும், பூக்காது. அந்த இடத்துக்கு வெற்றிலைக்கொடியோ கற்பூரவல்லியோ பொருத்தம்.

தண்ணீரில் கஞ்சம், கத்தரியில் தாராளம்

மல்லி பூக்கவில்லை என்று சொல்கிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: தண்ணீரை அளவில்லாமல் ஊற்றியிருப்பார்கள், அல்லது வெட்ட மனம் வராமல் விட்டிருப்பார்கள்.

தண்ணீர் காலையில், அடி ஓட்டை வழியே கசியும் வரை. அடுத்த தண்ணீர், மேல்மண்ணில் விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்து உலர்ந்திருந்தால் மட்டும். அக்னி நட்சத்திர நாட்களில் மாடித்தொட்டி காலையில் ஊற்றியதை மாலைக்குள் குடித்துவிடும். அப்போது இரண்டு வேளை. காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டை எது கிடைத்தாலும் மண்மேல் பரப்பினால் ஒரு வேளை மிச்சமாகும்.

கத்தரி எதற்கு என்பதைப் புரிந்துகொண்டால் கை கூசாது. குண்டுமல்லி பழைய கிளையில் பூப்பதில்லை. புதிதாகத் துளிர்க்கிற தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். நுனியைக் கவனித்துப் பாருங்கள்: பெரும்பாலும் மூன்று மொட்டு ஒரு கொத்தாக வரும். நடுமொட்டு முதலில் பருத்து முதலில் விரியும். பக்கத்து இரண்டும் ஒன்றிரண்டு நாள் பின்னால் வரும். மூன்றும் முடிந்ததும் அந்த நுனியின் வேலை முடிந்தது. அதற்குக் கீழே இரண்டு இலைக்கணு தள்ளி வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழுள்ள கணுவில் இரண்டு பக்கமும் தளிர் கிளம்பும். ஒரு நுனி இருந்த இடத்தில் இப்போது இரண்டு. பங்குனியில் இப்படி வெட்டிக்கொண்டே வந்தால் வைகாசிக்குள் செடி புதராகிவிடும்.

உரத்துக்குக் கடலைப் பிண்ணாக்கு ஒன்றே போதும். ஒரு கைப்பிடியை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வேரில் ஊற்றுங்கள். நாற்றமடிக்கும், பக்கத்து வீட்டில் துணி காயப்போடாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். அதிகமாகக் கொடுத்தால் இலை தழைத்து மொட்டு குறையும். டீத்தூள், முட்டை ஓடு, வெங்காயத்தோல் எல்லாம் மக்கவைத்துப் போட்டால் கெடுதல் இல்லை. அதிசயமும் இல்லை.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. உப்புச் சுவையுள்ள போர்த் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் இது சகஜம். நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி என்று கேளுங்கள். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, மாதம் ஒருமுறை இலைமேல் தெளித்தால் பச்சை திரும்பும்.

பூச்சிகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். மொட்டில் ஓட்டை, பக்கத்து மொட்டுகளோடு சேர்த்துப் பின்னிய மெல்லிய நூல் தெரிந்தால் மொட்டுப்புழு. மொட்டு வீங்கி ஊதாச் சாயல் அடித்தால் மொட்டு ஈ. இரண்டுக்கும் முதல் மருந்து, கெட்ட மொட்டைக் கிள்ளி அப்புறப்படுத்துவது. செடியடியிலேயே போடாதீர்கள், மண்ணிலிருந்து திரும்ப வரும். பிறகு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல். மூன்றாவது செம்பேன்: இலையில் வெளிறிய புள்ளி, அடியில் மெல்லிய வலை. கடும் வெயிலில்தான் வரும். இலையின் அடிப்பக்கம் படுமாறு தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே பாதி போய்விடும். போகாவிட்டால் நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம், மாலையில். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தெளிக்காதீர்கள், இலை கருகிவிடும். இதற்கு மேல் கடுமையான மருந்து எதையும் வீட்டு மல்லிக்கு அடிக்காதீர்கள். தலையில் வைக்கிற பூ, சாமிக்குப் போடுகிற பூ, குழந்தை கையில் எடுத்து முகருகிற பூ.

பறிப்பது

விடிவதற்கு முன்னோ விடிந்த கையோடோ பறிக்க வேண்டும். குண்டுமல்லி பொழுது சாய்ந்த பிறகு விரியும். அன்றைக்கு விரியப்போகிற மொட்டைக் காலையிலேயே அடையாளம் காணலாம்: சுத்த வெள்ளையாக, பருத்து, காம்பு நீண்டு, புல்லியை (மொட்டின் அடியிலுள்ள பச்சைப் பகுதி) விட்டு எழும்பி நிற்கும். நாளைக்கான மொட்டில் பச்சைச் சாயல் ஓடும், குட்டையாக இருக்கும். பச்சையைப் பறித்தால் அது கடைசிவரை விரியாமல் சரத்தில் அப்படியே பழுத்துப்போகும். புல்லியோடு சேர்த்துக் கிள்ளுங்கள். காம்பு மட்டும் வந்தால் கட்டும்போது வழுக்கும்.

பறித்ததை ஈரத் துணியில் பரப்பி நிழலில் வையுங்கள். தண்ணீர் தெளித்துப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் பகலுக்குள் பழுப்பேறும்.

கட்டுவது

பழகுவதற்குக் கடையில் 100 கிராம் உதிரிப்பூ வாங்குங்கள். காக்கரட்டான் கிடைத்தால் முதலில் அதில் தொடங்கலாம். காம்பு நீளம், விலை குறைவு. கனகாம்பரத்தை இப்போது தொடாதீர்கள். தொட்டாலே துவளும் அந்தப் பூவைக் கட்டத் தேர்ந்த விரல் வேண்டும்.

நூலா, நாரா? வாழைநார்தான். தட்டையாக இருப்பதால் காம்பை அறுக்காது, ஈரம் பிடித்து வைப்பதால் பூ வாடாது. பூக்கடையில் கேட்டால் ஒரு கட்டு கொடுப்பார்கள். வீட்டில் வாழை இருந்தால் காய்ந்து தொங்கும் மட்டையை உரித்து, ஊறவைத்து, நகத்தால் கிழித்துக்கொள்ளலாம். கட்டுவதற்கு முன் கால் மணி நேரம் தண்ணீரில் போட்டுப் பிழிந்துவிட்டு எடுங்கள். காய்ந்த நார் முடிச்சில் முறியும். நார் கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்குச் சற்றுத் தடித்த பருத்தி நூல், அதையும் நனைத்து. நைலான் நூல் கூடவே கூடாது. இழுத்ததும் காம்பை நறுக்கிவிடும்.

சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியிலோ முன்னாலோ ஒரு தாம்பாளத்தில் மொட்டைக் கொட்டிக்கொள்ளுங்கள். உடைந்ததையும் விரிந்துவிட்டதையும் முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். நடுவில் பொறுக்கிக்கொண்டிருந்தால் கை ஓட்டம் கெடும்.

நாரின் நுனியில் ஒரு சாண் வெறுமனே விடுங்கள், கடைசியில் முடிச்சுப் போட வேண்டும். சாண் முடிகிற இடத்தை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். நுனி உள்ளங்கைப் பக்கம் தொங்கட்டும். மீதி நார் வலது கையில்.

இரண்டு மொட்டை எடுத்து, தலை இடப்பக்கம் பார்க்க, காம்பு நாரின்மேல் படுமாறு வையுங்கள். அதன்மேல் இன்னும் இரண்டு, தலை வலப்பக்கம் பார்க்க. காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று தாண்டிக் கிடக்க வேண்டும். அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். கண்ணி, அதாவது இந்த ஒரு கட்டு, முடியும்வரை இந்த விரல் நகரக் கூடாது.

வலது கையிலுள்ள நாரைக் காம்புகளின் மேலாகக் கொண்டுபோய் அடியில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இப்போது நாரை வலது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மாட்டி, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினால் சின்ன வளையம் விழும். அந்த வளையத்தை வலப்பக்க மொட்டுகளின் தலைவழியாக நுழைத்து, காம்புவரை இறக்கி, நாரை இழுங்கள். இறுகியதும் ஒரு கண்ணி முடிந்தது.

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் அந்தத் திருப்பு. திருப்பாமல் வெறும் வளையமாக நுழைத்தால், இறுகினது மாதிரி தெரியும், அடுத்த கண்ணி போடும்போது அவிழும். பூ இல்லாமல் வெறும் நாரை ஒரு பென்சிலில் போட்டு அந்தத் திருப்பை மட்டும் பழகுங்கள். டி.வி. பார்த்துக்கொண்டே செய்கிற அளவுக்கு வந்ததும் பூவுக்கு மாறுங்கள். பூக்காரம்மா பேச்சும் பேரமுமாக, பார்க்காமலே கட்டுவதன் ரகசியம் இந்த ஒரு அசைவுதான்.

அடுத்த கண்ணியை முந்தையதை ஒட்டியே வையுங்கள். கட்டி முடிந்த பகுதியை உள்ளங்கைக்குள் தள்ளிக்கொண்டே வர வேண்டும். பத்துப் பதினைந்து கண்ணி சேர்ந்ததும் சரம் கையில் சுருண்டு தொல்லை கொடுக்கும். அப்போது தொடக்க நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டால் சரம் விறைப்பாக நிற்கும். இடது கைப் பழக்கமுள்ளவர்கள் மேலே சொன்னதில் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

சரி பார்க்க ஒரே சோதனை: ஒரு நுனியைப் பிடித்து உதறுங்கள். மொட்டு காம்போடு நழுவி விழுந்தால் கட்டு தளர்வு. தலை மட்டும் முறிந்து விழுந்தால் இறுக்கம் அதிகம். இரண்டும் இல்லாத இறுக்கத்தை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும், எழுத்தில் சொல்ல முடியாது.

நார் தீரப்போகும்போது நாலு விரற்கடை மிச்சம் இருக்கையிலேயே புது நாரை முடிந்துகொள்ளுங்கள். முடிச்சு அடுத்த கண்ணிக்கு அடியில் மறைந்துவிடும். கடைசிக் கண்ணிக்குப் பிறகு வெறும் நாரில் இரண்டு முடிச்சு. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். நெருக்கிக் கட்டினால் ஒரு முழத்துக்கு 150 மொட்டுக்கு மேல் கேட்கும். கடைச்சரத்தில் அவ்வளவு இருக்காது. கண்ணிக்குக் கண்ணி இடைவெளி விட்டு நீளத்தைக் கூட்டுவது வியாபாரக் கணக்கு. வீட்டில் கட்டும்போது நீளம் குறைந்தாலும் நெருக்கமாகக் கட்டுங்கள்; மாலையில் மொட்டு விரியும்போது நார் கண்ணுக்கே தெரியாது.

கை வந்த பிறகு மூன்றுக்கு மூன்று வைத்துத் தடித்த சரம், நடுநடுவே மருக்கொழுந்து சேர்த்துக் கதம்பம் என்று போகலாம். இதே குண்டுமல்லிதான் பிலிப்பைன்ஸின் தேசிய மலர், 1934-லிருந்து. அங்கே அதற்குச் சம்பகீட்டா என்று பெயர். மணிலாத் தெருக்களிலும் மாலையாக விற்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் கோர்த்த மாலை. ஊசியில் கோர்ப்பது சுலபம், குழந்தைகளுக்கு அதையே முதலில் சொல்லிக்கொடுக்கலாம். ஊசிக்கண்ணில் நூலைப் போட்டு, காம்புக்குழல் வழியாக ஏற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். கோர்த்த பூ சீக்கிரம் வாடும்.

நண்பகலுக்கு மேல் இரண்டு மூன்று மணிக்குள் கட்டி முடித்துவிடுங்கள். விரியத் தொடங்கிய மொட்டு விரல் பட்டால் கன்றிப்போகும். மறுநாளைக்கு வேண்டுமென்றால், ஈரம் உலராத வாழை இலையில் சுற்றி, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பிரிட்ஜில் வைக்கலாம். மாவு, பால் பக்கத்தில் வேண்டாம். காலையில் காபி மல்லி வாசம் அடிக்கும்.

கார்த்திகையில் மறக்காமல்

நிலத்தில் உள்ள செடியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிவிடுவார்கள். தொட்டிச் செடிக்கு ஒரு அடி விட்டு வெட்டலாம். காய்ந்த குச்சி, உள்பக்கம் நெருக்கியடிக்கிற கிளை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்ச இலையையும் உருவிவிடுங்கள். பார்க்க மொட்டைக் குச்சியாகத்தான் நிற்கும், பயப்பட வேண்டாம். மேல்மண்ணை இரண்டு அங்குலம் கிளறி எடுத்துவிட்டுப் புது உரம் போடுங்கள். துளிர் வரும்வரை தண்ணீர் கொஞ்சமாக. தை முழுக்க இலை விடும், மாசியில் மொட்டு தெரியும்.

இன்னொரு தொட்டி வேண்டுமென்றால் வாங்கத் தேவையில்லை. ஆடி, ஆவணியில் மழை ஈரம் இருக்கும்போது தாழ்வான ஒரு கிளையை வளைத்து, கணுவுக்குக் கீழே தோலை லேசாகச் சீவி, பக்கத்துத் தொட்டி மண்ணில் அழுத்தி மேலே ஒரு கல் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் வேர் விடும். லேசாக இழுத்துப் பாருங்கள்; பிடிப்பு தெரிந்தால் தாய்ச்செடியிலிருந்து வெட்டிவிடலாம். தினமும் ஒரு சாண் சரமாவது வேண்டும் என்கிற வீட்டுக்கு மூன்று நான்கு தொட்டி தேவைப்படும்.